ஆமை முட்டிய இடங்கள்

ஆமை இரண்டு இடங்களை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை வேனை நிறுத்திவிட்டு இறங்கும்போதே இங்கெலாவின் கண்ணில் அது பட்டுவிட்டது. ஹில்டூரின் மஞ்சள் மரவீட்டிலிருந்து ஏரிக்கரைவரை சரிந்து இறங்கும் அத்தனை பெரிய புல்வெளியும் கம்பளம் விரித்தது போல ஒரே மட்டமாகக் கிடந்தது. கரைக்குப் பத்தடி இந்தப் பக்கம், ஒரு சாண் இடைவெளி விட்டு, இரண்டு கொத்துப் புல் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

தானாக ஓடிப் புல் வெட்டும் இயந்திரத்துக்கு ஆமை என்று பெயர் வைத்தது ரூனெ. இங்கெலாவிடம் அப்படி ஏழு ஆமைகள் இருந்தன. ஊரைச் சுற்றி நாற்பது வீடுகளின் தோட்டங்களைப் பதினோரு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வேலைக்கு ரூனெ ஒருவர்தான். ஆமைக்கு மூளை கிடையாது. நேராக ஓடும், எதிலாவது முட்டினால் பின்வாங்கித் திரும்பி வேறு பக்கம் ஓடும். இரண்டு நாள் இப்படி ஓடினால் வெட்டுப்படாத இடம் என்று ஒரு விரல் அகலம்கூட மிஞ்சாது.

அவள் இறங்கிப் போய் மண்டியிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கொத்தும் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். ஒரு முனை ஒடுங்கி, மறுமுனை அகன்றிருந்தது. அது புல்தரையில் விதைத்த புல்லே இல்லை. கோரை. முப்பட்டைத் தண்டு, தொட்டால் விரலைக் கீறும், ஏரிச் சேற்றைத் தவிர வேறெங்கும் முளைக்காது. இரண்டு வாரமாக மழை இல்லாமல் சுற்றிலும் மண் வெடிக்கக் காத்திருந்தபோது, அந்தக் கொத்துகளின் அடியில் மட்டும் கட்டைவிரலை அழுத்தினால் கறுப்புத் தண்ணீர் கசிந்தது. ஏரி ஆழத்தின் வாடை வந்தது, பல நாள் மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்தது போல.

"என்ன மொதலாளியம்மா, காலங்காத்தால புல்லுக்கு முத்தம் குடுக்குற?" பின்னால் ரூனெ வந்து நின்றார். ஒரு கையில் காபி பிளாஸ்க், மறுகையில் கத்தரி.

"இங்க வந்து பாரு. ஆமை ஏன் இத விட்டுச்சு?"

"கல்லு கில்லு கெடந்திருக்கும். முட்டியிருக்கும். திரும்பியிருக்கும்."

"கல்லு எங்க?"

ரூனெ பூட்ஸ் நுனியால் கொத்துகளைத் துழாவினார். எதுவும் தட்டுப்படவில்லை. "யாராவது எடுத்து ஏரியில எறிஞ்சிருப்பாங்க. உனக்கு என்ன, துப்பறியற உத்தியோகமா?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து இரண்டையும் அடியோடு கத்தரித்து, அள்ளித் தண்ணீரில் வீசினார். கத்தரியில் ஒட்டிய ஈரத்தைக் கால்சட்டையில் துடைத்தார். முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "முடிஞ்சுது. வா, காபி குடிக்கலாம்."

இங்கெலா எழுந்தபோது சமையலறை ஜன்னலில் ஹில்டூர் நிற்பது தெரிந்தது. எழுபத்தெட்டு வயது. குளிர்காலத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து ஜன்னல்தான் அவருக்குத் தோட்டம். கையை ஆட்டினாள். அவர் திரும்ப ஆட்டவில்லை.

அதற்கும் காரணம் உண்டு. இந்தச் சரிவின் கீழ்ப்பாதியை ஹில்டூர் ஒருநாளும் வெட்டவிட்டதில்லை. ஆப்பிள் மரத்துக்குக் கீழே இடுப்பளவு புல்லும் கோரையுமாக ஏரிவரை அப்படியே கிடக்கும். "மரம் வரைக்கும் போதும், அதத் தாண்டிப் போகாத" என்பார், அவ்வளவுதான். ஆனால் மே மாதம் அவருடைய அண்ணன் மகன் யோக்கிம் தலைநகரிலிருந்து போன் செய்தான். வீடு இப்போது பத்திரப்படி அவன் பொறுப்பில் இருந்தது, விற்கப் போகிறான்.

"ஏரி தெரியணும் இங்கெலா. படத்துல ஏரி தெரிஞ்சாத்தான் ஆளுங்க பாக்க வருவாங்க."

"ஹில்டூர் வேணாம்னு சொல்றாங்களே."

"அத்தை நெறைய சொல்லுவாங்க. நீங்க வெட்டுங்க."

வெட்டினாள். ஒரே பிற்பகலில் பெரிய இயந்திரத்தைக் கொண்டுவந்து கரைவரை வழித்துப்போட்டு, மறுநாளே அங்கே ஓர் ஆமையையும் விட்டாள். அந்தப் பிற்பகல் முழுவதும் ஹில்டூர் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

*

புதன்கிழமை இங்கெலா ஊரின் மறுகோடியில் ஒரு பல் மருத்துவர் வீட்டு வேலிச்செடியைச் சீராக்கிக்கொண்டிருந்தாள். கை வேலையில் இருந்தாலும் மனம் அதில் நிற்கவில்லை. ஏணியிலிருந்து இறங்குவாள், போனை எடுத்துப் பார்ப்பாள், மறுபடி ஏறுவாள். ஒவ்வோர் ஆமையும் எங்கே ஓடுகிறது என்பது போனில் வரைபடமாகத் தெரியும். எதிலாவது முட்டினால் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். மரத்தடி, வேலியோரம், படிக்கட்டு என்று வழக்கமான இடங்களில் வழக்கமான புள்ளிகள். ஹில்டூர் வீட்டு வரைபடத்தில், திறந்த வெளியின் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், முப்பது நாற்பது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன.

நேற்றைய இடத்தில் இல்லை. ஆப்பிள் மரத்துக்குப் பக்கத்தில்.

சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனை ஓட்டினாள். நேற்று ரூனெ கத்தரித்த இடம் எதுவென்றே தெரியாமல் மொட்டையாகியிருந்தது. மேலே, மரத்தின் கிளை நுனிக்குக் கீழே, அதே ஒரு சாண் இடைவெளியில், முழங்கால் உயரத்துக்கு இரண்டு கொத்துக் கோரை. ஒரே இரவில். இரு கையாலும் பற்றி இழுத்தாள். அசையவில்லை. மண்ணில் வேர் பிடித்த எதிர்ப்பு அல்ல அது. மேலிருந்து ஒரு பாரம் அதை அழுத்திப் பிடித்திருப்பது போல இருந்தது. கையை எடுத்தபோது உள்ளங்கையில் இரண்டு கோடு ரத்தம்.

அப்போதுதான் அந்த வடிவம் அவளுக்குப் புரிந்தது. ஒடுங்கிய முனை குதிகால். அகன்ற முனை விரல்கள். விரல்கள் வீட்டைப் பார்த்து இருந்தன.

அன்று மாலை அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உருளைக்கிழங்கை அடுப்பில் போட்டு மறந்தாள். கத்திகளைக் கழுவினாள், உலர்த்தினாள், மறுபடி கழுவினாள். ரூனெவுக்கு போன் போட்டாள்.

"வாய்க்கால் தண்ணி எங்கயாவது உள்ளால ஓடுதோ என்னவோ," என்றார் அவர். "கோரை தண்ணியத் தேடிப் போகும்."

"ஒரே ராத்திரியில முப்பதடி மேட்டுல ஏறியா?"

"நாளைக்கு நான் வேணா போயிட்டு வரேன்."

"வேணாம். நான் போறேன்." ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

வியாழக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. ஆப்பிள் மரத்தடியில் கொத்துகள் இல்லை. இங்கெலா படிக்கட்டில் உட்கார்ந்து ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ரீங்காரமிட்டுக்கொண்டு மேலும் கீழுமாக ஓடியது. வெட்டுப்பட்ட புல்லின் பச்சை வாசனை. எங்கோ ஒரு படகின் மோட்டார் சத்தம். வண்டுகள். எல்லாம் சரியாக இருந்தது, ஒரு கோடை நாள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே.

ஆமை வெட்டவெளியின் நடுவில் முட்டியது.

அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும்: கல்லில் முட்டினால் 'டக்', மரத்தில் முட்டினால் 'தொம்'. இது இரண்டும் இல்லை. தொடையில் கையால் தட்டியது போல் மெத்தென்ற ஒரு சத்தம். ஆமை பின்வாங்கியது, திரும்பியது, ஓடியது. அரை வட்டம் அடித்து எதிர்ப்பக்கமாக வந்து, அதே இடத்தில் மறுபடியும் முட்டியது. அங்கே ஒன்றுமில்லை. வெயில் இருந்தது. வெயிலுக்குள் ஒரு கொசுக்கூட்டம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் உயரத்தில் அந்தக் கூட்டம் நடுவில் பிளந்து, இரு பக்கமாகப் பிரிந்து பறந்தது.

அவள் எழுந்து வீட்டுக்குள் போனாள். ஹில்டூர் சமையலறை மேசையில் கடிதங்களைப் பிரிக்காமல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஹில்டூர், நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"எந்தப் பக்கம் பாத்து நிக்கிறாங்க?" அவர் தலையைத் தூக்கவில்லை.

இங்கெலா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "வீட்ட."

ஹில்டூர் ஒரு கடிதத்தை மற்றொன்றின் மேல் வைத்து ஓரத்தைச் சரிசெய்தார். "எங்கப்பா காலத்துலயும் ஏரியப் பாத்துதான் நிப்பாங்க. யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. புல்லு ஒசரமா இருந்தா அவங்க பாட்டுக்கு நிப்பாங்க."

"யாரு அவங்க?"

"அத யாரும் எங்களுக்குச் சொல்லல. நாங்களும் கேக்கல." அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். களைப்பு மட்டும் இருந்தது. "நின்ன எடத்துல நிம்மதியா நிக்கவிடாம ராவும் பகலும் முட்டிக்கிட்டே இருந்தா யாருதான் திரும்பிப் பாக்க மாட்டாங்க, சொல்லு?"

"உங்கள வேற எங்கயாவது கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுக்கு வாங்க."

"எனக்கு என்ன வந்துச்சு? வெட்டுனது நான் இல்லையே."

இங்கெலா வெளியே வந்து ஆமையின் முதுகிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ரீங்காரம் நின்றது. அந்த அமைதி காதை அடைத்தது.

ஆனால் அன்று இரவெல்லாம் புரண்டாள். ஆமை நின்றுவிட்டது, சரி. முட்டுப்பட்ட அது இப்போது எங்கே நிற்கிறது? புல்வெளியில் ஒன்றுமில்லாத ஒவ்வோர் இடமும் இப்போது அது நிற்கக்கூடிய இடம். முட்டிக் காட்ட ஆமையும் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிவரை தாங்கினாள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஹில்டூர் பார்க்கிறாரா என்று ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆமையை மறுபடி ஓடவிட்டாள்.

அதற்காக அன்று மாலை அவளால் தன்னை மன்னிக்க முடியவில்லை.

*

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. அந்த வடகோடி நாட்டின் கோடையில் சூரியன் மறைய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கெலா சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்திருந்தாள்.

புள்ளிகள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே விழுந்துகொண்டிருந்தன.

ஒரு வாய் சாப்பிட்டாள். புள்ளிகள் வீட்டுச் சுவரோரமாக நகர்ந்தன. முள்கரண்டியை வைத்தாள். படிக்கட்டின் அடியில் ஒரு புள்ளி. இன்னொன்று. பிறகு ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஆமை புல்வெளி முழுக்கத் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை முட்டுப்பட்ட அது இப்போது புல்வெளியில் இல்லை.

ஹில்டூருக்கு போன் போட்டாள். ஆறாவது முறை மணி அடித்தபோது எடுத்தார்.

"ஹில்டூர்? எப்படி இருக்கீங்க?"

"உக்காந்திருக்கேன்." குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் யாரோ தூங்குவது போல.

"யாராவது வந்திருக்காங்களா?"

எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். சொட்டு. சொட்டு.

"காபி போட்டேன்," என்றார் ஹில்டூர். "குடிக்க மாட்டேங்குறாங்க."

பதினோரு நிமிடப் பாதையை அவள் ஏழு நிமிடத்தில் கடந்தாள். கதவு திறந்திருந்தது. கூடம் முழுக்க அந்த வாடை. மரத்தரையில் பலகைக்கும் பலகைக்கும் இடையே, ஒரு காலடிக்கு ஒன்றாக, பச்சைத் தளிர்கள் தலைநீட்டியிருந்தன. கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து நடந்தாள். சமையலறையில் ஹில்டூர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்க நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதன்முன் ஒரு கோப்பை. காபி மேல் ஆடை படிந்து கிடந்தது. நாற்காலியின் மெத்தை குழிந்து, நனைந்து, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"எழுந்திருங்க. போகலாம்."

இந்தமுறை ஹில்டூர் மறுக்கவில்லை. பறவை எடைதான் இருந்தார். இங்கெலா அவரை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டே வேனுக்குக் கொண்டுவந்து, முன்னிருக்கையில் ஏற்றி, பட்டையை மாட்டினாள். பட்டையின் கொக்கி இரண்டுமுறை வழுக்கியது.

"இன்னும் உள்ளதான் இருக்காங்களா?"

"இல்ல," என்றார் ஹில்டூர். "கூப்பிடப் போயிருக்காங்க."

இங்கெலாவின் காதில் அது விழுந்தது, மனதில் ஏறவில்லை. அவள் கீழிருந்து வந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் நிறுத்து என்று அழுத்தினாள். ஆமை நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். சரிவின் அடியில், தண்ணீரோரத்தில், அது பாட்டுக்கு ஓடியது. காலை ஆறு மணிக்குக் கரையோரத்தைச் சீராக்க ரூனெ வந்துவிடுவார். அதே கத்தரியோடு, அதே கிண்டலோடு, தனியாக. முட்டல் நின்றால் எல்லாம் பழையபடி ஏரியைப் பார்த்துத் திரும்பிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றவேண்டும் என்று விரும்பினாள்.

"ரெண்டு நிமிஷம். அத அணைச்சுட்டு வந்துடுறேன்."

"வேணாம்மா. இங்கெலா, இறங்காத. வண்டிய எடு."

"ரெண்டே நிமிஷம்."

சரிவில் ஓடினாள். ஏரி முழுக்கப் பொன் உருகிக் கிடந்தது. ஒரு பறவை இல்லை. ஒரு கொசு இல்லை. ஆமை கரைக்குப் பத்தடி இந்தப் பக்கம், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு தப்படி. நான்கு.

ஆமை முட்டியது. மெத்தென்று.

திரும்பியது. அவளைத் தாண்டி இடப்பக்கம் ஓடியது. நான்கடி போனது.

முட்டியது.

வலப்பக்கம். முட்டியது.

ஒவ்வொரு முட்டலுக்கும் கையில் போன் அதிர்ந்தது. நின்றது. அதிர்ந்தது. மேலே வேனின் ஹார்ன் அலறியது. ஹில்டூர் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். நீளமாக, விடாமல். இங்கெலா திரும்பி வந்த வழியே ஓடப் பார்த்தாள். வந்த வழியில் ஈரத்துணி போன்ற ஒரு குளிர் அவள் முகத்தில் உரசியது. நின்றுவிட்டாள்.

பின்னால் முட்டியது.

திரையைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளிகள். ஒன்றன்பின் ஒன்றாக. இங்கே ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று, அதற்கும் பக்கத்தில். ஒரு வளையம். வளையத்தின் நடுவில் புள்ளியே விழாத சின்ன வெள்ளை இடம். அங்கேதான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஹார்ன் நின்றது.

தரையிலிருந்து மெல்லிய நறநறப்பு. மொட்டையடித்த புல்லுக்குள்ளிருந்து, வறண்ட மண்ணைப் பிளந்துகொண்டு, இரண்டு இரண்டாகக் கோரை எழும்பியது. முன்னால், இரு பக்கமும், பின்னால். சில பெரியவை. சில மிகச் சின்னவை, உள்ளங்கையளவு. கறுப்புத் தண்ணீர் அவற்றைச் சுற்றிக் கசிந்தது. எல்லாக் கால்விரல்களும் உள்ளே பார்த்து இருந்தன.

ஆமை போக வழியில்லாமல் அவளிடம் வந்தது. அவள் பூட்ஸில் முட்டியது. பின்வாங்கியது. பின்னால் முட்டியது.

பூட்ஸில் முட்டியது. பின்னால் முட்டியது.

பூட்ஸில். பின்னால்.

ஒவ்வொரு முறையும் அது ஓடவேண்டிய தூரம் குறைந்துகொண்டே வந்தது.